கரையைக் கடக்கும் முன் 72 மணி நேரம்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் செய்தித்தாள்களில் ஒரு வரி தவறாமல் இடம்பிடிக்கும்: ‘பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ கடலூர், நாகை, காரைக்கால், தூத்துக்குடி என்று ஊர்ப்பெயர் மாறும். எண் ஏறும், இறங்கும். நூறாண்டுக்கும் மேலாக இந்தியத் துறைமுகங்களில் புழங்கும் முறை இது. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தொலைவில், கடலுக்குள் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே வானிலை மோசமாகலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இவற்றில் 5, 6, 7 ஆகிய மூன்றும் சொல்வது ஒரே அளவு அபாயத்தைத்தான். துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுப் புயல் கடக்கும் என்பதில் மட்டுமே வேறுபாடு. கப்பல் தலைவருக்கு அது உயிர்த்தகவல். காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், நங்கூரத்தை நம்பலாமா, ஆழ்கடலுக்குப் போய்விடுவது நல்லதா என்பதையெல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்து அவர் கணக்கிட்டுக்கொள்வார். துறைமுகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, உப்பளத்து ஓரமாகக் கீற்றுக் கொட்டகையில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மாட்டோடும் குடியிருக்கும் பெண்ணுக்கு 5-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம்? அவருடைய கேள்விகளே வேறு. தண்ணீர் வீடு வரைக்கும் வருமா? எப்போது கிளம்புவது? எங்கே போவது? மாட்டை என்ன செய்வது?

வானிலை அறிக்கை புயலைப் பற்றிப் பேசுகிறது. கேட்பவர்கள் தங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் கொடுப்பதுதான் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தின் வேலை. அதற்கு வங்கக் கடல் தரும் அவகாசம் ஏறக்குறைய மூன்று நாள். அந்த மூன்று நாளில் செய்ய முடிவதெல்லாம், அதற்கு முன்பே பல ஆண்டுகளாக உட்கார்ந்து யோசித்து முடித்து வைத்தவை மட்டுமே.

தெரிந்தும் போகாதவர்கள்

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையில் போலா புயல் ஏறியது. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. பதிவான வரலாற்றில் எந்தப் புயலும் இத்தனை உயிர்களைக் குடித்ததில்லை.

சொல்லாமல் வந்த புயல் அல்ல அது. வானொலியில் எச்சரிக்கை போனது. செயற்கைக்கோள் படங்களும் அப்போதே வந்துவிட்டன. அந்தப் பகுதி மக்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது என்றும், உறுதியான கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நூற்றில் ஒருவர்தான் என்றும் பிற்பாடு மதிப்பிட்டார்கள். எண்பது சொச்சம் பேர் தெரிந்தும் போகவில்லை என்று இதைப் படித்தால் தவறு. போவதற்குக் கட்டடம் இல்லை. கழிமுகத் தீவுகளில் கண்ணுக்கெட்டிய வரை கடல்மட்டத்தை ஒட்டிய வயல்கள்தான். மாடி வீடு என்பதே அரிது. எச்சரிக்கை இருந்தது, அதைக் கேட்டவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வங்கதேசம் பிறந்த கையோடு, 1972-ல், அரசும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள், கையில் ஒலிபெருக்கி, கம்பத்தில் கொடி. ஒரு கொடி என்றால் கவனி, இரண்டு என்றால் தயாராகு, மூன்று என்றால் கிளம்பு. துறைமுகத்து எண்கள் கப்பலுக்கு, கொடிகள் வீட்டுக்கு. அதன் பிறகும் 1991 ஏப்ரல் 29-ல் வந்த புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். புகலிடக் கட்டடங்கள் போதவில்லை. ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாகச் செத்துப்போனார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வர முடியாமை, ஆண்கள் கூட்டத்தோடு ஒரே அறையில் இரவைக் கழிக்கத் தயக்கம், தண்ணீரில் காலைச் சுற்றும் சேலை எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் திட்டத்துக்குள் ஒரு வரியாகச் சேர்ந்தது: புகலிடத்தில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, தன்னார்வலர்களில் பெண்கள். கால்நடைகளை ஏற்றிக் கட்ட ‘கில்லா’ எனப்படும் உயரமான மண்மேடும் உண்டு. மாட்டுக்கு ஒரு மேடு போட்டால் மாட்டுக்காரர் கிளம்புவார் என்பது எந்த வானிலைப் பாடநூலிலும் இருந்ததில்லை. 2007 நவம்பரில் சிதர் புயல் தாக்கியபோது இறந்தோர் எண்ணிக்கை சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான். ஆனாலும் 1970-க்கும் அதற்கும் இடையில், கடல் அதே கடல், கரை அதே கரை. மக்கள்தொகை மட்டும் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

காற்றைவிடத் தண்ணீர்

யாரை வெளியேற்றுவது? மாவட்டத்தில் இருபது லட்சம் பேர் இருந்தால் இருபது லட்சம் பேரையும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டாம். காற்றிலிருந்து தப்ப உறுதியான கூரை போதும். தண்ணீரிலிருந்து தப்பத்தான் இடத்தைவிட்டே போக வேண்டும். ஆகவே திட்டமிடுபவரின் முதல் கேள்வி, கடல் எதுவரை உள்ளே வரும் என்பது.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. வழக்கமான அழுத்தத்தைவிட ஏறக்குறைய நூறு குறைவு. அப்படியானால் கடல் ஒரு மீட்டர் எழும்பியிருக்க வேண்டும். உண்மையில் கரையில் ஐந்தாறு மீட்டர் எழுந்தது. மிச்சத்தைச் செய்தது காற்று. ஆழமான கடலில் காற்று தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்பி ஓட இடம் உண்டு. கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். நீருக்கு மேலேறி நிலத்துக்குள் வருவதைத் தவிர வேறு போக்கு இல்லை. வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்தது, போகப்போகக் குறுகுவது. இந்தக் கடலேற்றமும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓதமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் இரண்டு உயரங்களும் கூடிவிடும். தெற்கே பாக் விரிகுடாவும் ஆழமற்றதுதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை, வந்துகொண்டிருந்த ரயிலோடு சேர்த்து விழுங்கியது இப்படி ஏறிய கடல்தான்.

இன்னொரு விஷயம், நம் கரைக்கு மிக முக்கியமானது. பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே வந்து நம் கரையைக் கடக்கும் புயலுக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டரில் கடல் ஊருக்குள் நுழையும்போது, தெற்கே முப்பது கிலோமீட்டரில் கடல் பின்வாங்கி நிற்கலாம். ‘நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடக்கும்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, எந்தெந்த ஊராட்சியில் எந்தெந்தத் தெரு என்று பட்டியல் போட வேண்டியிருக்கிறது. அதற்கு நில உயர வரைபடம் வேண்டும். புயலின் பல பாதைகளுக்கும் பல வேகங்களுக்கும் கடலேற்றத்தை முன்கூட்டியே கணித்து வைத்திருக்க வேண்டும். புயல் பிறந்த பிறகு தொடங்குகிற வேலை அல்ல இது.

கடிகாரத்தைத் திருப்பி ஓட்டுதல்

கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள்: தாலி கட்டுவது ஒன்பதுக்கு என்றால் பந்தி எத்தனை மணிக்கு, அடுப்பு பற்றவைப்பது எப்போது, காய்கறி வண்டி வருவது எப்போது. வெளியேற்றத் திட்டமும் அதே கணக்கு. ஆனால் இங்கே முகூர்த்தமே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு புயல் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கரையைக் கடக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே பலத்த காற்று கரையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு பேருந்து ஓடாது, மரம் விழும், சாலை அடைபடும். ஆகவே சனி நண்பகலுக்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். இரவில் முதியவர்களையும் குழந்தைகளையும் நகர்த்துவது கடினம் என்பதால் வெள்ளிக்கிழமைப் பகல் முழுவதும் வெளியேற்றத்துக்குத் தேவை. வண்டிகளை வரவழைக்க, பள்ளிகளைக் காலிசெய்து திறக்க, அரிசியும் பருப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்டுசேர்க்க வியாழக்கிழமை. அப்படியானால் ‘வெளியேற்றுவோம்’ என்ற முடிவை மாவட்ட ஆட்சியர் வியாழன் காலைக்குள் எடுத்தாக வேண்டும். புயல் கரையேற அறுபது மணி நேரம் இருக்கும்போது.

அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும்? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாதைக் கணிப்பு அண்மை ஆண்டுகளில் வெகுவாகத் துல்லியமாகியிருக்கிறது. அப்படியும் புயல் மையத்தின் இடம், 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பில் சராசரியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பிசகுகிறது. 48 மணி நேரத்துக்கு முன் என்றால் சுமார் 120, 72 மணி நேரத்துக்கு முன் என்றால் சுமார் 160 கிலோமீட்டர். இடமும் வலமுமாக இதைப் பிரித்துப் பாருங்கள்: சென்னைக்கு நேராக வருவதாகச் சொல்லப்படும் புயல் புதுச்சேரியிலும் கரையேறலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலும் ஏறலாம். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி புயல் உருவானபோது முதலில் தமிழகக் கரையை நெருங்கும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. பிறகு வடக்கே வளைந்து, மே 3 அன்று பூரி அருகே கரையைக் கடந்தது.

துல்லியம் கூடும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். நேரத்தை எடுத்துக்கொண்டால் துல்லியம் இருக்காது. இந்த இழுபறிக்குத் தீர்வு கிடையாது, சமாளிப்பு மட்டுமே உண்டு. வானிலைத் துறை நான்கு படிகளாக எச்சரிக்கை தருவது அதற்காகத்தான்: 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவல், 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்துக்கு முன் சிவப்பு. நல்ல திட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் நேராக வேலைகள் எழுதப்பட்டிருக்கும். முதல் படியில், பிசகினாலும் நட்டமில்லாத வேலைகள்: மீனவர்களைக் கரை திரும்பச் சொல்வது, ஜெனரேட்டருக்கு டீசல், நிறைமாதக் கர்ப்பிணிகளின் பட்டியல். அடுத்த படியில் அரிசி நகரும். அதற்கடுத்த படியில்தான் ஆட்கள் நகர்வார்கள். முடிவை ஒரே தாவலாக எடுக்காமல் படிப்படியாக எடுக்க இது வழிவிடுகிறது. படிகளை முன்பே எழுதி வைத்திருப்பதால், எந்த அதிகாரியும் நள்ளிரவில் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியும் பல நேரம் வீணாக வெளியேற்ற நேரிடும். ‘போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லை’ என்று புலி வருது கதையாகிவிடுமே என்ற அச்சம் எல்லா ஆட்சியர்களுக்கும் உண்டு. வங்கதேசமும் ஒடிசாவும் இதற்குக் கண்ட விடை, முகாமில் கழிந்த இரவைச் சகிக்கக்கூடியதாக ஆக்குவது. சுடுசோறு, சுத்தமான கழிப்பறை, மாட்டுக்கு இடம், ஊரில் விட்டுவந்த வீட்டுக்குக் காவல். புயல் வராமல் போனாலும், அந்த இரவு அவமானமாக இல்லை என்றால் அடுத்த முறையும் வருவார்கள்.

எரசமாவிலிருந்து கோபால்பூர் வரை

1999 அக்டோபர் 29. ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில், பாராதீப் துறைமுகத்துக்குத் தெற்கே சூப்பர் புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டது. பன்னிரண்டு நாள்களுக்கு முன்தான் தெற்கே கஞ்சம் மாவட்டத்தை இன்னொரு கடும் புயல் அடித்திருந்தது. நிர்வாகம் அங்கே நிவாரணத்தில் இருந்தது. கரையேறிய சூப்பர் புயல் நகராமல் நிலத்தின் மீதே நின்று கொட்டித் தீர்த்தது. தொலைபேசி, மின்சாரம், சாலை எல்லாம் அறுந்து தலைநகர் புவனேஸ்வரமே துண்டிக்கப்பட்டது. உதவியை அனுப்ப வேண்டிய இடமே உதவிக்குத் தவித்தது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தவர்; எரசமா வட்டாரம் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. அந்த நீண்ட கரையில் அப்போது இருந்த புயல் புகலிடங்கள் 23.

இரண்டே மாதத்தில், 1999 டிசம்பர் கடைசியில், ஒடிசா தனக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைத்தது. இந்தியாவில் மாநில அளவில் அதுதான் முதல். நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்ற இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அந்த ஆணையம் கட்டிய புகலிடம் ஒன்றை அருகில் போய்ப் பார்த்தால் திட்டம் என்றால் என்ன என்பது புரியும். தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய கட்டடம். தண்ணீர் வந்தால் அடியில் ஓடிவிடும். படிக்கட்டோடு, நடக்க முடியாதவர்களையும் தள்ளுவண்டியையும் ஏற்றச் சரிவுப்பாதை. சாதாரண நாளில் அது பள்ளிக்கூடம். இது சிக்கனம் மட்டுமல்ல. பூட்டியே கிடக்கும் கட்டடத்தின் கதவு தேவைப்படும் நாளில் திறக்காது. குழந்தைகள் தினமும் போய்வரும் கட்டடத்துக்கு வழி எல்லோருக்கும் தெரியும். பொருள் அறையில் உயிர்காப்பு மேற்சட்டைகள், தூக்குப் படுக்கை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மின்வாள். புயலுக்குப் பிறகு சாலையை முதலில் திறப்பது மின்வாள்தான். சாலை திறந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும். புகலிடத்தைப் பராமரிப்பது ஊரார் குழு. எச்சரிக்கை சொல்பவர்கள், மீட்பவர்கள், முதலுதவி செய்பவர்கள், புகலிடத்தை நடத்துபவர்கள் என்று பெயர் குறித்து வேலை பிரித்து வைத்திருப்பார்கள். புயல் காலத்துக்கு முன் ஒத்திகை நடக்கும்.

2013 அக்டோபர் 8-ல் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பைலின் புயலாகி, 12-ம் தேதி இரவு கோபால்பூரில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். இடையில் தசரா விடுமுறை. அரசு ஊழியர்களின் விடுப்பை மாநிலம் ரத்து செய்தது. இரண்டு நாளில் பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். புயலிலும் அதை அடுத்த வெள்ளத்திலும் சேர்த்து இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 1999 புயல் பைலினைவிட வலுவானது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிட முடியாது. ஆனால் பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள இடைவெளியைக் காற்றின் வேகம் மட்டும் விளக்கிவிடாது.

இயற்கை அரணா, எச்சரிக்கையா என்ற வாதத்துக்கும் இந்தக் கரையிலிருந்தே ஒரு பதில் உண்டு. 1999 புயலில் கேந்திரபாடா மாவட்டக் கிராமங்களில் நேர்ந்த உயிரிழப்பைச் சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2009-ல் வெளியிட்டார்கள். கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவு. அதே ஆய்வு, அரசின் முன்னெச்சரிக்கை காட்டைவிடவும் அதிக உயிர்களைக் காத்தது என்றும் காட்டியது. காடு வேண்டும், ஆனால் காடு இருக்கிறதே என்று ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட முடியாது.

ஒரே மேசை

பேரிடரின்போது களத்தில் இறங்குவோர் பலர். வருவாய்த்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை, மின்வாரியம், பொதுப்பணித்துறை, சுகாதாரத்துறை, மீன்வளத்துறை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடலோரக் காவல்படை, தொண்டு நிறுவனங்கள். யாருக்கு யார் உத்தரவிடுவது?

இந்தக் கேள்விக்கான விடை, வியப்பாக, ஒரு காட்டுத்தீயிலிருந்து வந்தது. 1970 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் பதின்மூன்று நாள் எரிந்த தீ 16 உயிர்களையும் 700-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் அழித்தது. பிற்பாடு அலசியபோது, ஆள்பலமும் வண்டியும் குறைவு என்பது காரணமாகத் தெரியவில்லை. ஒரு துறையின் வானொலியில் இன்னொரு துறை பேச முடியவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். ஒரே தீக்கு நாலு தலைவர்கள். அதிலிருந்து பிறந்த முறையில் ஒரு சம்பவத்துக்கு ஒரே தலைவர். அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், பொருள் வழங்கல் என்று பிரிவுகள். யாரும் ஏழு பேருக்கு மேல் நேரடியாக மேற்பார்வை செய்யக் கூடாது. அதற்கு மேல் போனால் மனித மூளை திணறும். எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். இந்தியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் இதை நம் நிர்வாக அமைப்புக்கு ஏற்ப மாற்றி வழிகாட்டுதலாக வெளியிட்டது. மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருடையது.

ஒரு துறையின் எண் இன்னொரு துறைக்குச் செய்தியாக மாற வேண்டும் என்பதைச் சென்னை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஏரியைப் பார்ப்பவருக்கு அந்த எண் முழுத்தகவல். அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் படுத்திருப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. அவருக்குத் தேவை, ‘இன்னும் இத்தனை மணி நேரத்தில் உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர்’ என்ற ஒரு வாக்கியம். ஏரியின் கணக்கையும் ஆற்றின் படுகையையும் தெருவின் உயரத்தையும் ஒரே வரைபடத்தில் முன்பே சேர்த்து வைத்திருந்தால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும்.

நாடுகளுக்கு இடையிலும் இதே சிக்கல்தான். வட இந்தியப் பெருங்கடலின் புயல்களைக் கண்காணித்து எல்லா நாடுகளுக்கும் அறிக்கை தரும் பொறுப்பு டெல்லியில் உள்ள வானிலை மையத்துக்கு இருக்கிறது. இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, ஓமன் என்று 13 நாடுகள் புயல்களுக்குப் பெயர் தருவதும் இந்தக் கூட்டு ஏற்பாட்டில்தான். கஜா இலங்கை தந்த பெயர். ஃபானி வங்கதேசம் தந்தது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தை நோக்கிப் போனபோது டெல்லியிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அங்கே அதை வாங்கி ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடோ, ஏறி நிற்க மேட்டுக் கட்டடங்களோ இல்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,38,000 பேர். 1970-ன் பாடம் 38 ஆண்டு கழித்து, அதே கடலின் இன்னொரு மூலையில், அச்சுமாறாமல் திரும்பியது.

வாசல் வரை வரும் செய்தி

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் குலுங்கிய பிறகு நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் யாருக்கும் பயன்படாமல் கழிந்தது. விதிவிலக்காக ஓர் ஊர்: புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த கிராம அறிவு மையத்தில், அலை உயரத்தையும் மீன் விலையையும் தினமும் அறிவிக்கிற ஒலிபெருக்கி இருந்தது. இளைஞர்கள் அதில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். அந்தக் கருவி பேரிடருக்கென்று வாங்கியதல்ல. நாள்தோறும் நம்பிக் கேட்ட குரல் என்பதால், அன்று அது சொன்னதும் ஓடினார்கள்.

இன்று இந்தியாவுக்கு ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. 2023-ல் தமிழகமெங்கும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறி அதிர்ந்த சோதனை நினைவிருக்கலாம். அது குறுஞ்செய்தி அல்ல. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். லட்சக்கணக்கில் அனுப்பினால் வரிசையில் நிற்கும். இதுவோ, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் வானொலி போல ஒரே வீச்சில் போவது. எண் தெரிய வேண்டியதில்லை, நெரிசலும் இல்லை.

ஆனால் கோபுரத்துக்கு எல்லை உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிமுனையை ஒட்டி, தாழ்வு மண்டலமாக இருந்த ஒரே நாளில் புயலாக உருவெடுத்தபோது, தூத்தூர் வட்டார மீனவர்கள் வழக்கம்போல் பல நாள்களுக்கு முன்பே கிளம்பி ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் அறிவித்தது கடலில் கேட்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதன் பிறகுதான், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறவும் அபாயக் குறிப்பை அனுப்பவும் கூடிய இருவழிக் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் முயற்சி வேகம் பிடித்தது. 72 மணி நேரக் கணக்கு கரையில் இருப்பவருக்குப் போட்ட கணக்கு. பத்து நாள் கடலில் இருப்பவருக்கு வேறு கணக்குப் போட வேண்டும். அவர் திரும்பிவரவே இரண்டு நாள் ஆகலாம்.

காப்பாற்றிய உயிரும் விழுந்த தென்னையும்

ஃபானி புயலின்போது ஒடிசா 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது. இறந்தவர்கள் 64 பேர். உலகமே பாராட்டியது. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. பூரியில் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. முகாமிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு வீடு இல்லை.

நமக்கு இது 2018 நவம்பர் 16-ல் தெரிந்தது. கஜா புயலுக்கு முன் 80,000 பேரை முகாம்களுக்குக் கொண்டுபோனதைத் தேசிய அளவில் மெச்சினார்கள். விடிந்து பார்த்தால் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமாயின. மோட்டார் ஓடவில்லை, குடிநீர் இல்லை. சில நாளிலேயே பாராட்டு கோபமாக மாறியது; ஊர் ஊராகச் சாலை மறியல். நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். நெட்டைத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். அத்தனை ஆண்டு அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்பதும் பேரிடர்த் திட்டத்தின் கேள்விதான். பெரும்பாலான திட்டங்கள் புயல் கடந்த மறுநாளோடு முடிந்துவிடுகின்றன.

உயிரிழப்பு எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்த காலம் நம் கரையில் முடிந்துகொண்டிருக்கிறது. முடிந்ததே பெரிய சாதனை. அடுத்த அளவுகோல்கள் எளிமையானவை, ஆனால் கடுமையானவை. புயல் கடந்து எத்தனை மணி நேரத்தில் குடிநீர் வந்தது? எத்தனை நாளில் மின்சாரம்? பயிர்க் காப்பீட்டுத் தொகை எந்த மாதத்தில் கைக்கு வந்தது? படகை இழந்தவர் எப்போது மறுபடி கடலுக்குப் போனார்? இவற்றுக்கும் 72 மணி நேரத்துக்கு முன்பே, ஏன், பல ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைக்க முடியும்: எந்த ஊரில் எத்தனை கம்பம் இருப்பு, எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை லைன்மேன்கள் வருவார்கள், அவர்கள் எங்கே தங்குவார்கள், யார் சோறு போடுவார்கள்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 2005-ம் ஆண்டுச் சட்டம். தமிழகத்தின் பல மாவட்ட நிர்வாகங்கள் அதை இணையத்தில் வெளியிடுகின்றன; நூற்றுக்கணக்கான பக்கங்கள், பெரும்பாலும் பட்டியல்கள். அலுப்பூட்டும் ஆவணம்தான். ஆனாலும் மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை அதில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். புகலிடமாக எந்தக் கட்டடம் குறிப்பிடப்பட்டிருக்கிறது, அது இன்னும் நிற்கிறதா? பொறுப்பாளரின் தொலைபேசி எண் வேலை செய்கிறதா, அல்லது அவர் மாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டு ஆகிறதா? கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? ஆகஸ்டில் இதைக் கேட்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் திருத்திவிடலாம். நவம்பரில், காற்று கிளம்பிய பிறகு கேட்டால், பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.